நொறுங்குன பக்கம்

தாராளமாத் தடவிப் பாருங்க அண்ணாச்சி, கடிக்காது. கடிக்கிற நாயா இருந்தா நான் ஏன் காலையிலேருந்து இந்த வேப்பமரத்தடியில கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்?

ஆமா, கன்னி நாய்தான். பாத்ததும் சொல்லிட்டீங்களே. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல ரெண்டு செம்புள்ளி, ஒட்டுன வயிறு, எல்லாம் இருக்கு. ஓட விட்டா வயக்காட்டுல காத்து மாதிரி போகும். வேட்டை நாய்தான், இல்லேங்கல. பேரு பவுனு. ஆனா பாருங்க, உங்க கை பக்கத்துல வரவுமே வாலைக் காலுக்குள்ள சொருகிக்கிச்சு. இந்தா, தலையக் கொண்டாந்து என் முட்டிக்கு நடுவுல குடுத்திருச்சு. இதுக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை இதுதான். வந்த நாள்லேருந்து இந்தத் தலையை என் முட்டியிலேருந்து எடுக்கத்தான் நான் படாத பாடு படுறேன்.

நீங்க பாரஸ்ட் ஆபீஸ் ஆளு ஒண்ணும் இல்லையே? இல்ல, சும்மா கேட்டேன். பை காக்கியா இருந்துச்சு, அதான்.

சூரப்பட்டி போற பஸ்ஸுக்குத்தான் நிக்கிறேன். நீங்களும் அந்த வழியா? நல்லதாப் போச்சு. இதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சு, கூட்டமா இருந்துச்சு, விட்டுட்டேன். அதுக்கும் முந்தி வந்ததுல கூட்டம் இல்ல, ஆனா கண்டக்டர் மூஞ்சி ஒரு மாதிரியா இருந்துச்சு. நாயை ஏத்த மாட்டேன்னு நாலு பேரு முன்னாடி சொல்லிட்டாருன்னா நமக்கு எதுக்கு வம்பு? கை காட்டல. அது பாட்டுக்குப் போயிருச்சு.

சூரப்பட்டி எங்க மாமனார் ஊரு. இந்த நாயும் அங்கேருந்து வந்ததுதான். உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, எங்க பக்கத்துல கன்னி நாயை விலைக்குக் குடுக்க மாட்டாங்க. பொண்ணு கட்டிக் குடுக்கும்போது சீரோட சீரா ஒரு குட்டியையும் சேத்து அனுப்புவாங்க. பித்தளைப் பானை, கட்டில், பீரோ, அதோட ஒரு குட்டி. கழுத்துல மஞ்சக் கயிறு கட்டி எங்க வீட்டுக்காரி மடியில உக்காந்து வந்துச்சு. பவுனோட பவுனா வந்ததால அவதான் பவுனுன்னு பேரு வச்சா. மாரீஸ்வரின்னு பேரு, எங்க வீட்டுல. நாய் சரியில்லேன்னாலும் யாருக்கும் தள்ளி விடக் கூடாது. குடுத்த வீட்டுலதான் திரும்பக் கொண்டுபோய் விடணும். ஆனா அப்படி யாரும் விட மாட்டாங்க. ஏன்னா நாயைத் திருப்பி விட்டா பொண்ணைத் திருப்பி விட்டதுக்குச் சமம்னு ஒரு பேச்சு இருக்கு. நாயை மட்டும் கயித்துல கட்டிக் கூட்டிக்கிட்டு ஒரு மாப்பிள்ளை பஸ்ஸை விட்டு எறங்குனான்னா, அந்தத் தெருவே வாசலுக்கு வந்துரும்.

இப்ப நான் அப்படித்தான் எறங்கப் போறேன். எறங்குனா.

குட்டியில நல்லாத்தான் இருந்துச்சு. பொறவுதான் தெரிஞ்சுச்சு, இதுக்குச் சத்தம் ஆகாது. குக்கர் விசில் அடிச்சா கட்டிலுக்கு அடியில போயிரும். மைக்செட்டுக் கட்டுனா அன்னைக்கிச் சோறு எறங்காது. வேட்டைன்னா சும்மாவா? மேளம் அடிப்பான், தகரம் தட்டுவான், நூறு பேரு கத்துவான். சரி, பழக்கிருவோம்னு எறங்குனேன். எங்க ஊருல நாய் பழக்குற ஆளுக இருக்காங்க, அவங்க சொன்னதை எல்லாம் செஞ்சேன். சோறு வைக்கும்போது தாம்பாளத்தைத் தட்டுறது. முயல் தோலைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு ஓடுறது. நான் ஓடுவேன், பவுனு வாசல்லயே உக்காந்து பாக்கும். தெருப் பிள்ளைக எம் பின்னாடி ஓடி வரும். அந்த அசிங்கத்தை எங்க போய்ச் சொல்ல.

ஒரு நாள் வெடி போட்டுப் பழக்குவோம்னு ஒரு லட்சுமி வெடி வாங்கியாந்தேன். திரியைக் கொளுத்துனது எங்க வீட்டுக்காரிதான். எனக்குச் சின்ன வயசுலேருந்தே வெடிச் சத்தம் சேராது. நான் உள்ள நின்னு கதவிடுக்கு வழியா, இப்பக் கொளுத்து, இப்பக் கொளுத்துன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். டமார்னுச்சு பாருங்க, இந்த நாய் என்னை ஒரே இடியா இடிச்சுத் தள்ளிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிருச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு மாரீஸ்வரி வந்து குனிஞ்சு பாத்துட்டு, "ரெண்டு பேரும் வெளிய வாங்க, வெடிச்சு முடிஞ்சிருச்சு"ன்னா. நான் நாயை வெளிய இழுக்கத்தான் உள்ள போனேன். அவளுக்கு எதுலயும் ஒரு நையாண்டி.

இன்னொண்ணையும் சொல்லிர்றேன். இதை ஊருல யாருகிட்டயும் சொன்னதில்ல. அறுப்பு முடிஞ்ச சோளக்காட்டுல ஒரு நாள் எங்க வீட்டுக்காரி ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தா, நான் சோறு கொண்டு போயிருந்தேன். சோளத்தட்டைக்குள்ளேருந்து ஒரு முயல் கெளம்புச்சு. ஆளு இல்ல, சத்தம் இல்ல. பவுனு அவ காலடியிலேருந்து எந்திரிச்சு ஓடுச்சு பாருங்க, என் ஆயுசுல அப்படி ஒரு ஓட்டம் பாத்ததில்ல. போய் முயலைத் தொட்டுருச்சு. தொட்டுட்டு, கவ்வணுமா இல்லையா? கவ்வல. அது கூடவே பக்கத்துல ஓடுச்சு. ஓடைக்கரை வரைக்கும் சோடி போட்டு ஓடிட்டு, முயல் உள்ள குதிச்சதும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரும்பி வருது. மாரீஸ்வரி வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. கட்டுனதுலேருந்து அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. எனக்கு மேலெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. ஓடத் தெரியாத நாய்னா கூடப் பரவாயில்ல, ஓடிப் போய்ச் சேக்காளியாகிட்டு வருதே. இதைப் போய் எவன்கிட்டச் சொல்ல? அவகிட்டயும் சொல்லிப்புட்டேன், வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு.

இப்ப விசயத்துக்கு வர்றேன். தையில ஒரு நாள் விடியக்காலம் இதைக் கூட்டிக்கிட்டு பைபாஸ் ரோட்டுக்குப் போனேன். லாரிச் சத்தத்துல நடத்துனா பயம் தெளியும்னு ஒரு ஆளு சொல்லியிருந்தான். நான் ரோட்டை விட்டுத் தள்ளிப் பள்ளத்துல நடக்கேன், இது எனக்கும் அந்தப் பக்கம் நடக்குது. அப்ப ரோட்டோரத்துல ஒரு முயல் கெடந்துச்சு. லாரிக்காரன் எவனோ அடிச்சுட்டுப் போயிருக்கான். உடம்பு சூடு கூட ஆறல. இது போயி மோந்து பாத்து வாயோரத்துல ரத்தத்தை நக்குச்சு. விட்டுட்டு வர மனசில்லாம எடுத்துக்கிட்டு வந்தேன். அது தப்பா? ஊருக்குள்ள நுழையவும் டீக்கடை வேல்ச்சாமி என் கையைப் பாத்தான், நாய் வாயைப் பாத்தான். "என்ன சீனிராஜு, பவுனு புடிச்சுட்டாளா"ன்னான்.

நான் ஆமான்னு சொல்லல அண்ணாச்சி. சத்தியமா ஆமான்னு சொல்லல. இல்லேன்னும் சொல்லல. கடையில உக்காந்திருந்தவன் பூராவும் எந்திரிச்சு வந்துட்டான். ஒருத்தன் நாய்க்கு வர்க்கி வாங்கிப் போடுறான். ஒருத்தன் எனக்கு டீ சொல்றான். அது வரைக்கும் அந்தக் கடையில நான் போனா பெஞ்சியில நகர்ந்து கூட உக்கார மாட்டானுங்க. அந்த நேரத்துல போயி, இது லாரி அடிச்சதுய்யான்னு எப்படிச் சொல்றது? நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா? டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

வீட்டுல கொண்டுபோய்க் குடுத்தேன். மாரீஸ்வரி கொல்லையில உக்காந்து தோலை உரிச்சா. உரிச்சு முடிச்சு என்னை ஒரு தடவை நிமிந்து பாத்தா. ஒண்ணும் கேக்கல. வேட்டைக் கறின்னா அக்கம்பக்கத்துக்குப் பங்கு குடுக்கணும், அது வழக்கம். கிண்ணம் கிண்ணமாக் குடுத்து விட்டா. பாத்தா, நல்ல தொடைக்கறி, சதைக்கறி பூராவும் ஊருக்கே போகுது. எனக்கு வச்ச தட்டுல வெறும் எலும்புச் சில்லு. கொழம்புல கையை வச்சா கண்ணாடித்தூளு மாதிரி நறநறங்குது. ஒரு சில்லு பல்லு இடுக்குல ஏறிக்கிட்டு ராவெல்லாம் வலி. என்ன பங்கு பிரிக்கிறவ நீ, புடிச்சவன் வீட்டுக்கு எலும்பு, பாத்தவன் வீட்டுக்குக் கறியான்னு சத்தம் போட்டேன். அவ தட்டுலயும் அதான் இருந்துச்சு. தின்னுட்டுத் தட்டைக் கழுவப் போயிட்டா.

அதோட போயிருந்தா நல்லாருந்திருக்கும். போகலையே. வேல்ச்சாமி வாயி சும்மா இருக்குமா? ஒரு முயலு ரெண்டு ஆச்சு, ரெண்டு நாலு ஆச்சு. பவுனு போடுற குட்டிக்கு இப்பவே ஆளு சொல்லி வச்சுட்டானுங்க. சூரப்பட்டி வரைக்கும் தெரிஞ்சு எங்க மாமனாரு போன் பண்ணிட்டாரு. கொம்பையான்னா அந்தப் பக்கத்துல ஒரு பேரு. அதிகம் பேசாத மனுசன். "எங்க வீட்டு நாய் பேரக் காப்பாத்திருச்சு மாப்ள"ன்னாரு. அவருகிட்டயாவது சொல்லியிருக்கலாம். நான், ஆமா மாமா, சிக்னல் சரியில்லன்னு வச்சுட்டேன்.

மாசித் திருவிழாவுல எங்க ஊருல பாரிவேட்டை உண்டு. சாமியே வேட்டைக்குப் போறதா நெனச்சுக்கிட்டு ஊரே நாயோட கரட்டுக்காட்டுக்குப் போகும். இப்பல்லாம் பாரஸ்டுக்காரங்க கெடுபிடி, புடிக்கக் கூடாது, பேருக்கு ஒரு ஓட்டம் விடுறதுதான். ஆனா எந்த நாயை மொதல்ல அவுத்து விடுறாங்களோ அந்த வீட்டுக்குத்தான் கோயில் பரிவட்டம். அதுக்கு முதக்கயிறுன்னு பேரு. இந்த வருசம் முதக்கயிறு சீனிராஜ் வீட்டுக்குன்னு மைக்குல சொல்லிட்டாங்க. நான் கூட்டத்துல கடைசியில நின்னுக்கிட்டு இருந்தேன், அள்ளிக்கிட்டுப் போயி முன்னாடி நிறுத்திட்டாங்க. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன். மனசுக்குள்ளதான் சொன்னேன், ஆனாலும் சொன்னேன்.

மாமனாரு சூரப்பட்டியிலேருந்து வேன் புடிச்சு அவரு சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. பொம்பளைக எல்லாம் பாறை மேல. மாரீஸ்வரியும் அங்கதான் நிக்கிறா. நாய்க்கு மாலை போட்டு, எனக்குத் தலையில பரிவட்டம் கட்டியாச்சு. மேளம் முழங்குச்சு. பொதரைத் தட்டவும் ஒரு முயல் கெளம்புச்சு. அவுத்து விடுறா சீனிராஜுன்னு கத்துறானுங்க. அவுத்து விட்டேன்.

பவுனு அப்படியே தரையோட தரையாப் படுத்துருச்சு. படுத்த எடத்துலயே ஒண்ணுக்குப் போயிருச்சு. மாலையோட. மத்த நாயெல்லாம் அதைத் தாண்டிக் குதிச்சு ஓடுது. நான் காலால தள்ளுனேன். தள்ளத்தான் செஞ்சேன், மிதிக்கல. அது ஊர்ந்துக்கிட்டே வந்து என் முட்டிக்கு நடுவுல தலையக் குடுத்துருச்சு. மேளக்காரன் அடிக்கிறதை நிறுத்திட்டான். எவனோ ஒருத்தன் சிரிச்சான், அப்புறம் எல்லாரும் சிரிச்சானுங்க. என் மானம் அப்படியே கப்பலேறிப் போச்சு. தலையில பரிவட்டம் வேற. அதை அவுக்கணும்னு கூடத் தோணல.

மாமனாரு கிட்ட வந்தாரு. அவரு கோவப்படல. கோவப்பட்டிருந்தாக்கூடச் சமாளிச்சிருப்பேன். மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "மாப்ள, அன்னைக்கி முயலைப் புடிச்சது இதுதானா"ன்னு கேட்டாரு. அவருக்கு மட்டும் கேக்குற மாதிரி நானும் சொல்லியிருக்கலாம். சுத்தியும் அம்புட்டுப் பேரும் என் வாயைப் பாத்துக்கிட்டு இருக்கானுங்க. ஊருக்கே கேக்குற மாதிரி ஒரு வார்த்தை வாயில வந்து விழுந்துருச்சு.

"உங்க வீட்டுலேருந்து வந்தது ரெண்டுமே ஒண்ணுக்கும் ஒதவல மாமா."

ரெண்டுன்னு எதுக்குச் சொன்னேன்னு இன்னைய வரைக்கும் எனக்கு வெளங்கல அண்ணாச்சி. நாயைத்தான் நெனச்சேன். ஒண்ணுன்னு சொல்லியிருந்தாக்கூட முடிஞ்சிருக்கும். நாக்கு எடறிருச்சு. பாறை மேல நின்னவளுக்கும் கேட்டிருக்கும்போல. மாமனாரு குனிஞ்சு நாய் கழுத்துல கெடந்த மாலையக் கழட்டி, புதுத் துண்டால அது வயித்துல இருந்த ஈரத்தைத் தொடச்சு விட்டாரு. கோயில்ல அம்புட்டுப் பேருக்கும் சாப்பாடு. கை நனைக்காம வேன்ல ஏறிட்டாரு, சொந்தபந்தமும் பின்னாடியே ஏறிருச்சு.

அன்னையிலேருந்து எங்க வீட்டுக்காரி பேசல. சமைக்கிறா, தட்டு வைக்கிறா, போயிர்றா. நாய்கிட்ட மட்டும் பேசுறா. நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல? எல்லாத்துக்கும் காரணம் இந்த நாய். இது மட்டும் அன்னைக்கி நாலு எட்டு ஓடியிருந்தா, புடிக்கக் கூட வேண்டாம், சும்மா ஓடியிருந்தா... இல்ல, நீங்க என்ன அப்படிப் பாக்குறீங்க?

சரி. மிச்சத்தையும் சொல்லிர்றேன்.

இன்னைக்கிக் காலையில பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கேன், கயித்தைக் கொண்டாந்து என் கையில குடுத்தா. அவ்வளவு நாள் கழிச்சு இன்னைக்கித்தான் வாயத் தொறந்தா. குரலக்கூட ஒசத்தல.

"அந்த முயல் வண்டியில அடிபட்டதுன்னு தோலை உரிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். ஒரு பல்லுத்தடம் இல்ல. ஒரு பக்கம் வெலா எலும்பு பூராவும் நொறுங்கிக் கெடந்துச்சு. நல்ல பக்கத்தை ஊருக்குக் குடுத்தேன். நொறுங்குன பக்கத்தை நமக்கு வச்சேன்"ன்னா.

வாயெல்லாம் பேஸ்ட் நொரை. துப்பக் கூடத் தோணல. நாக்கு அது பாட்டுக்குப் பல்லு இடுக்கைத் தொழாவுது. அன்னைக்கி அவளும் அதையேதானே தின்னா. நறநறன்னு மென்னு தின்னுட்டு, ஊருக்குக் காட்டாமத் தட்டைக் கழுவி வச்சா. நான் என்னன்னா பங்கு சரியில்லேன்னு கத்துனேன். அவளைப் போயி, அத்தனை பேரு முன்னாடி, ஒதவலேன்னு...

இருங்க. கண்ணுல தூசி விழுந்துருச்சு.

அப்புறம் சொன்னா, "எங்கப்பாகிட்டப் போயி நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நாயைக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வாங்க, சோறாக்கி வைக்கிறேன். சொல்ல வாயி வரலேன்னா நாயை அங்க விட்டுட்டு வாங்க. சாயங்காலம் என்னையும் கொண்டுபோய் விட்டுருங்க"ன்னா. சொல்லிட்டு உள்ள போயிட்டா. நான் போன்லயே சொல்லிர்றேனேன்னு கேட்டேன். கதவு சாத்திருந்துச்சு.

அதான் அண்ணாச்சி, வந்து நிக்கிறேன். நாயை ஏத்த மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் பஸ்ஸை விட்டேன். நாய்னாலதான்.

நீங்க சூரப்பட்டியில எறங்கி ஒரு பத்து நிமிசம் கூட நிக்க முடியுமா? வேற ஒண்ணும் வேண்டாம், பேச வேண்டாம். வாசல்ல நீங்க முன்னாடி நில்லுங்க, நான் உங்களுக்குப் பின்னாடி நின்னு சொல்லிக்கிறேன். வெளியாளு இருந்தா மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இல்லையா? வேலை இருக்கா? சரி, சரி. நானும் சும்மாதான் கேட்டேன்.

அப்ப ஒண்ணு செய்யுங்க. நீங்கதான் எங்க மாமான்னு வச்சுக்கங்க. கொஞ்சம் நேரா நில்லுங்க. சிரிக்காதீங்க, அவரு சிரிக்க மாட்டாரு. மாமா, வந்து... அன்னைக்கி அந்த முயலு... லாரிக்காரன் எவனோ... இல்ல, லாரியிலேருந்து ஆரம்பிச்சா லாரி மேல பழி போடுற மாதிரி இருக்கு. மாமா, பவுனு மேல தப்பில்ல. அது எதையும் புடிக்கல, புடிச்சதா அது சொல்லவும் இல்ல. ரோட்டுல கெடந்ததை எடுத்தது நான். புடிச்சுதான்னு கேட்டப்ப வாயை மூடிக்கிட்டு நின்னதும் நான். உங்க பொண்ணு...

உங்க பொண்ணுங்கிற எடத்துல வந்து நின்னுக்கிது அண்ணாச்சி. காலையிலேருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாக்குறேன், அந்த எடத்துல வந்து வந்து நின்னுக்கிது. சத்தமாச் சொன்னது இதான் மொதத் தடவை.

அந்தா, வளைவுல தூசி தெரியுது. சூரப்பட்டி வண்டிதான். ஆரன் சத்தம் கேக்கவும் இது நடுங்குது பாருங்க. தொட்டுப் பாருங்க, வெலா எலும்பெல்லாம் உதறுது. ஆனாலும் ஓடல, பாத்தீங்களா? கயிறு தொவண்டுதான் கெடக்கு, இழுத்துப் புடிக்கல நான். நெனச்சா ஓடியிருக்கலாம். பக்கத்துலயேதான் நிக்கிது.

நீங்க கை காட்டுங்க அண்ணாச்சி, உங்களுக்குன்னா நிறுத்துவான்.

வேண்டாம், இருங்க. கயித்தை மட்டும் கொஞ்சம் புடிச்சுக்கங்க. நானே காட்டுறேன்.